நாலடி பதினொன்று உயரத்துக்கு எந்த ஆட்டம்?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊரிலிருந்து எழுதியிருந்த அம்மாவுக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை உயரம் போதாது என்று வாலிபால் செலக்‌ஷனில் கழித்துவிட்டார்கள், ராத்திரி முழுக்க அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உயரம் கூட்டும் பவுடர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அந்தக் காசுக்குச் சாளை வாங்கிக் குழம்பு வையுங்கள்.

கழித்தவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பெண்கள் வாலிபாலில் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேலே கை போனால்தான் அடிக்கவும் தடுக்கவும் முடியும். கூடைப்பந்திலும் துடுப்புப் படகிலும் நெடிய ஆட்கள் நிறைந்த நாடுகளுக்கு உடம்புவாகே பாதி பலம். 1998-ல் வந்த லிபரோ இடம், அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பவரின் இடம், உங்கள் மகளுக்கு ஒரு வாசல்தான். ஆனால் ஒரு அணியில் அது ஒன்றிரண்டு பேருக்குத்தான்.

இனி மறுபக்கம் பாருங்கள். பன்னிரண்டு நெட்டைப் பெண்களைத் தேடிப்பிடித்து ஒரு நாடு ஒலிம்பிக்கில் வென்றாலும் கணக்கில் ஏறுவது ஒரே பதக்கம். மல்யுத்தம் ஒன்றிலேயே ஒத்த எடைக்காரர்கள் மட்டும் மோதும் 18 எடைப் பிரிவுகள், பிரிவுக்கு 4 பதக்கங்கள் (வெண்கலம் மட்டும் இரண்டு). சிறிய உடம்பு உள்ள நாடுகளும் பட்டியலில் ஏறுவது இந்த வழியில்தான். டோக்கியோவில் இந்தியா வென்ற 7 பதக்கங்களில் 4 எடைப் பிரிவு ஆட்டங்களில் வந்தவை. அதில் 49 கிலோ பளுதூக்கலில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு ஏறத்தாழ உங்கள் மகள் உயரம்தான்.

பளுதூக்கலில் குட்டை உடம்பு ஒரு வசதியும்கூட. கம்பியைத் தலைக்குமேல் கொண்டுபோகும் தூரம் குறைவு. உடம்பு பெரிதாகும் வேகத்துக்கு பலம் கூடுவதில்லை. எறும்பு தன்னைவிடக் கனத்ததை இழுப்பது அதனால்தான். துருக்கியின் நயீம் சுலைமானோக்ளு ஐந்தடிகூட இல்லை. 1988 சியோலில் 60 கிலோ பிரிவில் நின்று 190 கிலோவைத் தூக்கினார்.

ஒரு பயம் மட்டும் எனக்கு உண்டு. எடைப் பிரிவு என்றதும் சில இடங்களில் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறார்கள். 100 கிராம் கூடியதற்காக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் இறுதிப்போட்டியை இழந்தார். அது பெரியவர்களின் களம். வளர்கிற பிள்ளை வயிறாரச் சாப்பிட வேண்டும். வேறு மாதிரி சொல்லும் பயிற்சியாளரை விட்டு விலகுங்கள்.

வேலைக்கு வருவோம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயிலும் தனியாக எடுக்கிறார்கள். அதற்குச் சான்றிதழ்கள் வேண்டும். ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் இப்போதே ஃபைல் போட்டு வையுங்கள். பதக்கம் வராவிட்டாலும் உடற்கல்விப் படிப்பு இருக்கிறது. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி நமக்குச் சென்னையைவிடப் பக்கம். பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்தால் பிசியோதெரபியும் கைக்கெட்டும்.

இந்த வாரம் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு அவளோடு போய், பளுதூக்கலுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். பந்துதான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தால் லிபரோவாகப் பழகட்டும். என்னிடம் வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். இதுவரை நீங்கள் சொன்னதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.