பழைய வில்லுக்கு எந்த நாண்?

கேள்வி: அமெரிக்காவின் பேர் ஆர்ச்சரி நிறுவனத்தின் பழைய வேட்டை ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. லிம்பில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) 'கனடா 1953' என்று அச்சிட்டிருக்கிறது. 1953-இல் செய்ததுதானா?

பதில்: அது காப்புரிமை ஆண்டு, வில் பிறந்த ஆண்டு அல்ல. இதே வரியைத் தாங்கிய வில்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும்கூட வந்திருக்கின்றன. விற்பவர்கள் இதை வைத்து விலையை ஏற்றுவது வாடிக்கை. ஊர்ப் பெயரைப் பாருங்கள். நிறுவனம் மிச்சிகனின் கிரேலிங்கிலிருந்து ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கு 1978-இல் இடம் மாறியது. ஆகவே 'கிரேலிங்' என்றிருந்தால் அதற்கு முந்தியது. கைப்பிடியில் பதித்த வட்டப் பதக்கம் உலோகமாக இருந்து மரத்தோடு சமமாக அமர்ந்திருந்தால் பெரும்பாலும் 1972 வரை உள்ளது. பிளாஸ்டிக் என்றால் அதற்குப் பிந்தியது.

கேள்வி: வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? "ஒரு தடவை இழுத்துத்தான் பாருங்களேன்" என்கிறார் விற்பவர்.

பதில்: இழுப்பது கடைசி வேலை. இழுத்த பிறகு லிம்ப் உடைந்தால் யார் பொறுப்பு என்ற தகராறுதான் மிஞ்சும்.

நாண் ஏற்றாத நிலையில், டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து இரண்டு லிம்பையும் முன்னும் பின்னும் பாருங்கள். ஃபைபர்கிளாஸின் (கண்ணாடிநார்) நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் அந்தக் கால வில்களில் சாதாரணம். அவற்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. குறுக்கே ஓடும் கோடுதான் ஆபத்து. ஆனால் மேல்பூச்சு மட்டும் வெடித்தாலும் குறுக்குக் கோடு போலவே தெரியும். விரல் நகத்தை மெதுவாக அதன்மேல் இழுங்கள். நகம் தட்டினால் கண்ணாடிநார் வரை விரிசல் போயிருக்கலாம். அந்த வில் வேண்டாம். அடுத்து ஒரு பஞ்சு உருண்டையை லிம்பின் ஓரங்களில் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய பிசிறு பஞ்சு இழையைப் பிடித்து நிறுத்தும்.

பிறகு பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மரமும் கண்ணாடிநாரும் சேரும் பக்கவாட்டுக் கோட்டில் மெல்லிய காகித முனை ஓரிடத்திலாவது உள்ளே நுழைந்தால் அங்கே பசை விட்டுவிட்டது. இப்படி விடுவது லிம்ப் கைப்பிடியோடு மெலிந்து சேரும் இடத்தில் அதிகம். அங்கேதான் முழு அழுத்தமும் விழுகிறது. சூப்பர் குளூ ஊற்றி ஒப்பேற்றிவிடலாம் என்பவர்கள் உண்டு. லிம்ப் முனையில் ஒட்டிய அலங்காரத் தகடு பெயர்ந்திருந்தால் அது சரி. வளையும் பகுதியில் பசை விட்ட வில் சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

இவ்வளவும் தேறினால் ஸ்டிரிங்கர் கயிறு (வில்லை வளைத்து நாணேற்ற உதவும் கயிறு) போட்டு நாணேற்றி, நாலைந்து அங்குலம் மட்டும் இழுத்து மெதுவாக விடுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். சத்தம் இல்லையென்றால் படிப்படியாக இழுப்பை நீட்டுங்கள். எக்காரணம் கொண்டும் அம்பு இல்லாமல் நாணை விடாதீர்கள்.

கேள்வி: நாணேற்றினால் கீழ் லிம்பின் முனையில் நாண் பள்ளத்தின் நடுவில் அமராமல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. காலுக்கு நடுவே வில்லை நுழைத்துத் தொடையால் வளைத்து நாணேற்றும் பழைய முறையும், கீழ் முனையைத் தரையில் ஊன்றி மூலையில் சாய்த்து வைப்பதும்தான் வழக்கமான காரணங்கள். சிறிய முறுக்கு என்றால் கையாலேயே நிமிர்த்தலாம். நாணேற்றிய நிலையில் லிம்பை எதிர்த்திசையில், நேர்நிலையைச் சற்றே தாண்டும்படி திருகி அரை நிமிடம் பிடியுங்கள். தினமும் பத்து முறை, ஒரு வாரம்.

அப்படியும் மசியவில்லையென்றால் நாணை இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை லிம்பின் மேல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, எதிர்த்திசையில் திருகிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். கொதிநீர், ஹீட் கன் கிட்டவே வரக்கூடாது. சூடு மிஞ்சினால் பசை இளகிவிடும். முறுக்கு போய் பிளவு வந்து சேரும்.

கேள்வி: 60 அங்குல வில், இழுபலம் 45 பவுண்டு. நாண் இல்லாமல் கிடைத்தது. இப்போது வரும் வேகமான நாண்களைப் போடலாமா? எந்த எடையில் அம்பு வேண்டும்?

பதில்: போடாதீர்கள். ஃபாஸ்ட்ஃப்ளைட் போன்ற நீட்சி இல்லாத இழைகள் எண்பதுகளில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முந்திய வில்களின் முனைகள் அவற்றுக்காகப் பலப்படுத்தப்பட்டவை அல்ல. டாக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண் அம்பு கிளம்பும் கணத்தில் சற்று நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீளாத நாண் அந்த அடியை அப்படியே முனையில் இறக்கும். நாளடைவில் கண்ணி பள்ளத்தை அறுத்துக்கொண்டே போய் முனை பிளக்கும்.

பி-50 அல்லது பி-55 டாக்ரான், 14 இழை. (35 முதல் 45 பவுண்டு வரை 12 இழை, 55-க்கு மேல் 16 என்பது நெடுநாள் கணக்கு. 45 எல்லையில் நிற்பதால் 14 வைப்பது நல்லது.) ரிகர்வில் நாணின் நீளம் வில்லின் குறித்த நீளத்தைவிட சுமார் 4 அங்குலம் குறைவு, உங்களுக்கு 56 அங்குலம். புதிய டாக்ரான் முதல் ஐம்பது, நூறு அம்புகள் வரை நீண்டுகொண்டே இருக்கும். அதுவரை அளவுகளை இறுதி என்று எண்ண வேண்டாம்.

கைப்பிடியின் ஆழமான குழியிலிருந்து நாண் வரை உள்ள இடைவெளியை ஏழரை அங்குலத்தில் தொடங்கி, நாணுக்கு நாலைந்து முறுக்கு ஏற்றி ஏற்றி எய்து பாருங்கள். ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே ஓரிடத்தில் வில் சட்டென்று அமைதியாகும். அங்கே நிறுத்துங்கள். இடைவெளி குறைந்தால் நாண் மணிக்கட்டில் அறையும். கூடிப்போனால் வேகம் போய் லிம்புக்கு வீண் பாரம்.

அம்புக்கு ஒரு பவுண்டுக்கு 9 முதல் 10 கிரெயின் என்று கணக்கு வையுங்கள். ஆனால் 45 என்பது 28 அங்குல இழுப்பில் உள்ள பலம். உங்கள் இழுப்பு 26 என்றால் சுமார் 40 பவுண்டுதான் விரலுக்கு வரும். 400 கிரெயின், அதாவது 26 கிராம் அம்பு போதும். இந்தக் கணக்குக்கும் கீழே எடை குறைந்த அம்பு, வெறும் நாணை விடுவதற்குப் பாதி சமானம்.

பழைய கைப்பிடிகளில் அம்பு அமரும் வெட்டு பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போவதில்லை. அம்பு கைப்பிடியைச் சுற்றி வளைந்து போயாக வேண்டும் என்பதால் தண்டு சற்று இளகியதாக (எளிதில் வளைவதாக) இருக்கட்டும். வலக்கை வில்லாளிக்கு இறகில்லா அம்பு தொடர்ந்து இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு. வலப்பக்கம் போனால் இளக்கம் அதிகம். வெட்டின்மேலேயே வைத்து எய்வதானால் இறகுதான் வேண்டும். பிளாஸ்டிக் துடுப்பு மரத்தில் மோதி அம்பைத் தள்ளிவிடும். நாக் புள்ளியை (அம்பின் வால் நாணில் பொருந்தும் இடம்), அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே வைத்துத் தொடங்கலாம்.

கேள்வி: பூச்சு மங்கிவிட்டது. தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்கலாமா? எப்படி வைப்பது?

பதில்: தேய்த்தால் அச்செழுத்து போகும், அதோடு விலையும் போகும். கண்ணாடிநாரைத் தேய்ப்பது லிம்பின் பலத்தையே குறைக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகு போடுங்கள். நாணை இறக்கி, இரண்டு மர ஆணிகளின் மேல் படுக்கையாக வைக்கலாம். ஆணிகள் கைப்பிடியை ஒட்டி இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள்.