டிஷ்வாஷரில் கழுவிய டம்ளர்களில் வெள்ளைப் புள்ளியும் படலமும் படியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் அடுக்ககத்தில், போர் தண்ணீரில் இயந்திரத்தை ஓட்டுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்; கோயம்புத்தூரில் உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தக் கேள்வி எழ வாய்ப்புக் குறைவு. அந்தப் புள்ளிகள் அழுக்கல்ல, நீர் உலர்ந்தபின் எஞ்சும் கால்சியம், மக்னீசியம் உப்புகள்.

சென்னைப் புறநகருக்குக் குடிவந்த புதிதில் எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளரின் அடிக்குழிவில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வட்டம் படிந்திருக்கும். பழுது பார்க்க வந்தவர் டிடிஎஸ் பேனாவைத் தண்ணீரில் முக்கிக் காட்டி, "தண்ணி அப்படிங்க, மிஷினை ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி, கறை நீக்கும் பொடியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்தப் பொடி படிந்ததைக் கரைக்குமே ஒழிய இனிப் படியப்போவதைத் தடுக்காது என்பதை அவர் மறைத்ததில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. போதாக்குறைக்கு, டிடிஎஸ் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும் கணக்கு. கால்சியம், மக்னீசியம் அளவைக் குறிக்கும் கடினத்தன்மையைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டுச் சோதனையில் எங்கள் தண்ணீர் 25 ஜெர்மன் டிகிரி காட்டியது, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 445 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவோ 200தான். இயந்திரத்தில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறிக்கும் செட்டிங், எங்கள் தண்ணீரில் இருந்ததைவிட மிகக் குறைந்த அளவில் வைக்கப்பட்டிருந்தது. கையேட்டைப் பார்த்து அதை உயர்த்தி, அடியிலுள்ள தொட்டியில் டிஷ்வாஷர் உப்பை நிரப்பியதும் அந்த வட்டம் வருவது நின்றது. இயந்திரத்துக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன; அந்த மணிகளை மீண்டும் தயார்ப்படுத்தவே உப்பு. சமையல் உப்பைப் போடாதீர்கள், அதில் கட்டிபடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் அடைத்துக்கொள்ளும். உப்பை நிரப்பியவுடன் ஒரு முறை கழுவ விடுங்கள், சிந்திய உப்பு நீர் உட்புற எஃகை அரிக்கும்.

"சோப்பு, உப்பு, ரின்ஸ் எய்டு மூன்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆல் இன் ஒன் மாத்திரை போதுமே" என்று கருத்துப் பெட்டிக்கு யாரேனும் வருவார்கள். நடுத்தரமான தண்ணீருக்கு அது போதும், மறுக்கவில்லை. எங்கள் தண்ணீருக்குப் போதவில்லை. ரின்ஸ் எய்டும் வேண்டும், அதுதான் நீரைத் துளியாக நிற்கவிடாமல் வழிந்தோடச் செய்கிறது. ஆனால் அது உப்புக்கு மாற்றாகாது.

படலத்தின் மேல் வினிகரை விரலால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் மேற்சொன்ன வழிகள் பலிக்கும். போகாமல், வானவில் நிறமோ மங்கலோ அப்படியே இருந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் மிக மென்மையாகவும் சோப்புத்தூளும் சூடும் அதிகமாகவும் இருந்தால் இப்படி நேரும். உப்புகள் வடிகட்டப்பட்டு மென்மையாகிவிட்ட ஆர்ஓ தண்ணீரை இணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அரித்த டம்ளரை எந்தப் பொடியாலும் மீட்க முடியாது.