ஒவ்வொரு சட்டிக்கும் தனி வெங்காயம்

வாசகர் கேள்விகள், அடுப்படி பதில்கள்

சென்ற இதழில் லண்டனின் டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ் உணவகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். கொல்கத்தாவில் பிறந்த அஸ்மா கான் நடத்துவது. அடுப்படியில் நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள், வீட்டில் சமைத்துப் பழகியவர்கள். அதைத் தொட்டு வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். அங்கே 'வீட்டுச் சமையல்' என்று சொல்லிக்கொள்ளாத இந்திய ஹோட்டலே இல்லையாமே! உண்மையில் எது வீட்டுச் சமையல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (திருச்சி வாசகி)

முதலில் மெனு அட்டையைப் பாருங்கள். கோழி, ஆடு, இறால், காய்கறி என்று நாலுக்கும் கோர்மா, மெட்ராஸ், விண்டாலூ, ஜால்ஃப்ரேசி என்று கட்டம் போட்டு விலை எழுதியிருந்தால் அது வேறு வகைச் சமையல். பிரிட்டனின் வழக்கமான கறி ஹோட்டல்களில் (பெரும்பாலும் இன்றைய வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள் வளர்த்த தொழில் அது) வெங்காயத்தை மூட்டைக்கணக்கில் உரித்து, கொஞ்சம் கேரட், தக்காளி, இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு அண்டாவில் வேகவைத்து மைய அரைத்து வைத்துவிடுவார்கள். கறியும் முன்பே வெந்திருக்கும். ஆர்டர் வந்ததும் எண்ணெய், மசாலா, இரண்டு கரண்டி கிரேவி, பெரிய தீ. பத்து நிமிடத்தில் தட்டு வெளியே வந்துவிடும். மிளகாய்த்தூள் கூடினால் மெட்ராஸ், இன்னும் கூடினால் விண்டாலூ, க்ரீமும் தேங்காயும் விழுந்தால் கோர்மா. அந்த 'மெட்ராஸ்' கறிக்கும் நம் சென்னைக்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். அறுபது பேருக்கு அறுபது விதமாகப் பரிமாற அது கெட்டிக்கார வழி. ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சமைப்பதில்லை. ஒரு குழம்புக்கு வெங்காயம் கருஞ்சிவப்பாகச் சுருள வேண்டும், இன்னொன்றுக்குக் கண்ணாடிபோல வதங்கினால் போதும், மூன்றாவதற்கு வெங்காயமே கிடையாது. அதனால் வீட்டுச் சமையல் உணவகத்தின் பட்டியல் குட்டையாகத்தான் இருக்கும். "காரம் குறைவா, நடுத்தரமா, அதிகமா?" என்று கேட்க மாட்டார்கள். காரம் அந்தச் சட்டியில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஒன்றிரண்டு ஐட்டம் தீர்ந்துபோயிருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் இரண்டு குழம்பு வாங்கி, ஓரத்தில் ஒதுங்கிய எண்ணெயைப் பாருங்கள். இரண்டின் நிறமும் வாசமும் ஒன்றாக இருந்தால் அண்டா ஒன்றுதான்.

பெண்கள் மட்டும் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் விளம்பரம்தானே? (சேலம் வாசகர்)

விளம்பரத்துக்கும் உதவத்தான் செய்கிறது. ஆனால் அது பிறகு ஒட்டிய லேபிள் அல்ல. அஸ்மா கான் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், சமையல் கல்லூரியில் படித்தவர் அல்லர். 2012-இல் லண்டனில் தன் வீட்டிலேயே பணம் கட்டி வந்து சாப்பிடும் விருந்துகளை ஆரம்பித்தார். கைகொடுத்தவர்கள் பிள்ளை பார்க்கும் வேலை, வீட்டு வேலை என்றிருந்த தெற்காசியப் பெண்கள். 2017-இல் சோஹோவின் கிங்லி கோர்ட்டில் உணவகம் திறந்தபோது அந்தக் கைகள்தான் உணவகச் சமையலறைக்கும் வந்தன. நடுவில் கோவென்ட் கார்டனுக்கு இடம் மாறி, 2023-இல் மறுபடியும் கிங்லி கோர்ட்டுக்கே திரும்பியது.

நம் நாட்டில் வீட்டு அடுப்பு பெண்ணுக்கு, சம்பளம் வரும் அடுப்பு ஆணுக்கு என்றுதானே நெடுங்காலமாக இருக்கிறது? அதைத் திருப்பிப்போட்டால் தட்டிலும் மாற்றம் தெரியும். கைப்பதம் பார்த்துச் சமைப்பவர்கள் வெங்காயத்தைக் கடிகாரம் பார்த்து இறக்க மாட்டார்கள், நிறம் பார்த்து இறக்குவார்கள். வேகம் குறையும், நேற்றைய உப்பும் இன்றைய உப்பும் மயிரிழை மாறும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் வேறு கடை பார்ப்பதே நல்லது.

பிரியாணியில் உருளைக்கிழங்கா? இது அடுக்குமா? (ஆம்பூர் வாசகர்)

ஆம்பூரிலிருந்து இந்தக் கேள்வி வரவில்லையென்றால்தான் ஆச்சரியம். கொல்கத்தா பிரியாணி லக்னோவின் வழித்தோன்றல். 1856-இல் ஆங்கிலேயர் லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் ராஜ்யத்தைப் பறித்தபின் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில் வந்து தங்கினார், சமையல்காரர்களும் உடன் வந்தார்கள். காசு தட்டுப்பாட்டில் கறிக்குப் பதில் கிழங்கு போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நவாபின் வழிவந்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அப்போது உருளைக்கிழங்கு புதுசு, ஏழைப் பண்டமே அல்ல என்பது அவர்கள் வாதம்.

சீரகச் சம்பாவும் மிளகாய் விழுதும் தேடிப் போகாதீர்கள். நீளமான பழைய பாஸ்மதி, தாழம்பூ நீர், குங்குமப்பூ, துளி அத்தர். புதினா, தக்காளி கிடையாது. காரம் மெல்லியது. கறிச்சாறில் ஊறிய அந்தக் கிழங்குக்குத்தான் மேசையில் சண்டை நடக்கும்.

வீட்டில் செய்பவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: பச்சைக் கிழங்கைத் தயிர் போட்ட கறியில் நேரடியாகப் போடுவது. புளிப்பு கிழங்கை வேகவிடாது. வெளியே வெந்து நடுவில் கட்டையாக நிற்கும். கிலோ கறிக்கு நடுத்தரக் கிழங்கு ஆறு. தோல் சீவி, உப்பும் மஞ்சளும் போட்ட நீரில் முக்கால் பதம் வேகவைத்து, எண்ணெயில் மேல்தோல் சிவக்கப் புரட்டி, அதன்பின் தம்முக்கு வையுங்கள். மாவாக உடையும் ரகம் வேண்டாம்.

கொஷா மாங்ஷோ (வங்காளிகளின் ஆட்டுக்கறி) செய்து பார்த்தேன். நம் ஊர் ஆட்டுக்கறிக் குழம்பு மாதிரி வெளிறிப்போய் வந்தது. இங்கே கடுகெண்ணெய் பாட்டிலில் 'வெளிப் பூச்சுக்கு மட்டும்' என்று வேறு போட்டிருக்கிறது. (ஹாரோ, லண்டன்)

குக்கரில் வைத்திருப்பீர்கள். 'கொஷா' என்றால் வங்காளத்தில் நீர் விடாமல் கிளறிக் கிளறிச் சுருட்டுவது. அது நடக்காவிட்டால் பெயர்தான் மிஞ்சும்.

எலும்போடு ஒரு கிலோ ஆட்டுக்கறி. புளிக்காத கெட்டித் தயிர் 150 கிராம், மஞ்சள் ஒரு தேக்கரண்டி, உப்பு, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசறி நாலு மணி நேரமாவது ஊறட்டும். அடி கனத்த சட்டியில் 100 மில்லி எண்ணெய். காய்ந்ததும் தீயைக் குறைத்து ஒரு தேக்கரண்டி சர்க்கரை. அது தேன் நிறமாகக் கரையும்போது பிரிஞ்சி இலை, வரமிளகாய் தலா இரண்டு, ஏலக்காய் நாலு, கிராம்பு ஐந்து, விரல் நீளத்தில் பாதி பட்டை. சர்க்கரை கறுத்தால் கசக்கும். அப்படியானால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், சமாளிக்க வழியில்லை. பிறகு மெல்லியதாக நறுக்கிய வெங்காயம் அரைக் கிலோ. அது கருஞ்சிவப்பாக 25 நிமிடம் ஆகும், பத்து நிமிடத்தில் ஆகாது. இஞ்சி, பூண்டு விழுது தலா 30 கிராம், காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, சீரகத்தூள் இரண்டு, மல்லித்தூள் ஒன்று.

இனி கறி. மூடாமல், நடுத்தரத்துக்குக் கீழே தீ வைத்து, முக்கால் மணி நேரம் கிளறுங்கள். அடிப்பிடிக்க வரும்போதெல்லாம் இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து அடியைச் சுரண்டுங்கள். அந்தச் சுரண்டலில்தான் நிறம் இருக்கிறது. தண்ணீர் கொதிநீராக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் சூடு இறங்கி, எண்ணெய் பிரிவது நின்றுபோகும். எண்ணெய் தனியாக ஒதுங்கிய பிறகு ஒரு டம்ளர் வெந்நீர், மூடி, சிறு தீயில் மேலும் ஒரு மணி நேரம். வெந்தபின் குழம்பு கறியில் ஒட்டி நிற்க வேண்டும், தட்டில் ஓடக்கூடாது.

கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அதிகம் என்பதால் அங்கே அப்படி லேபிள் ஒட்டுகிறார்கள். நீங்கள் ரேப்சீட் எண்ணெயில் செய்யலாம். இறக்கும் முன் ஒரு தேக்கரண்டி கடுகு விழுது கலந்தால் அந்த மூக்கேறும் வாசம் ஓரளவு கிடைக்கும். மஞ்சள் கடுகு இரண்டு பங்கு, கறுப்புக் கடுகு ஒரு பங்காக அரை மணி நேரம் ஊறவைத்து, உப்பும் ஒரு பச்சை மிளகாயும் சேர்த்து விட்டுவிட்டு அரையுங்கள். மிக்சியை ஓடவிட்டுப் போய்விட்டால் சூடேறிக் கசக்கும்.

நாங்கள் சுத்த சைவம். வங்காளிச் சாப்பாட்டில் எங்களுக்கு என்ன இருக்கிறது? (மயிலாப்பூர் வாசகி)

நிறைய இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் ஒரு கொடுமையும் இருக்கிறது. மேல்சாதி இந்துக் குடும்பங்களின் விதவைகளுக்கு மீன், கறி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்புகூட அந்நாளில் விலக்கு. அந்தப் பெண்கள் இஞ்சியும் பெருங்காயமும் சீரகமும் கொண்டு, தோலும் தண்டும் பூவும் வீணாக்காமல் உண்டாக்கியதுதான் 'நிராமிஷ்', அதாவது சைவச் சமையலின் உச்சம். வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கை எல்லாம் அங்கேயும் உண்டு.

ஆனால் கேட்காமல் எதையும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். பாசிப்பருப்பில் மீன்தலை போட்டு வேகவைப்பார்கள், முட்டைக்கோஸிலும் போடுவார்கள். பெயரில் 'மாச்சேர் மாத்தா' என்று இருந்தால் மீன்தலை. லூச்சி (மைதாவில் செய்யும் பூரி) பொரிக்கும் எண்ணெயில் மீன் பொரித்தார்களா என்பதையும் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எதை முதலில் சாப்பிட வேண்டும்? (நாகர்கோவில்)

கசப்பு முதலில், இனிப்பு கடைசியில். பாகற்காய் சேர்ந்த ஷுக்தோ, பிறகு பருப்பும் பொரியலும், காய், மீன், கறி. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சோறு தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தால் ஷுக்தோவின் பால் வாசம் செத்துவிடும். பேரீச்சை போட்ட தக்காளிச் சட்னி நம்மூர்ச் சட்னிபோலத் தொட்டுக்கொள்ள அல்ல. கறி முடிந்தபின் அப்பளத்தோடு தனியாகச் சாப்பிடுவது. புச்கா (நம்மூர் பானிபூரி மாதிரி) வந்தால் பேசிக்கொண்டிருக்காமல் முழுசாக வாயில் போடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் புளித்தண்ணீர் கையில்.

லூச்சி உப்பவில்லை. (தஞ்சாவூர்)

கோதுமை மாவில் செய்திருந்தால் அது பூரி. மைதா 250 கிராம், நெய் இரண்டு மேசைக்கரண்டி போட்டு விரலால் உதிரியாகத் தேய்த்து, அரைத் தேக்கரண்டி உப்பு, வெதுவெதுப்பான நீர் சுமார் 120 மில்லி விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். மாவு தூவாமல் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். நடு மெலிந்து ஓரம் தடித்தால் உப்பாது. எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கட்டும், சிவக்கும் முன் எடுத்துவிடுங்கள். லூச்சிக்கு வெள்ளைதான் அழகு.

கடுகு எனக்கு ஒவ்வாது. லண்டனில் வெளியே சாப்பிடலாமா? பில்லில் சேவைக் கட்டணம் என்று போடுகிறார்களே, அது கட்டாயமா? (கோவை)

பிரிட்டன் சட்டப்படி உணவகங்கள் கேட்டால் சொல்ல வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. தயங்காமல், ஆர்டர் கொடுக்கும் முன் சொல்லுங்கள். வங்காளிச் சமையலில் தாளிப்பு, விழுது, எண்ணெய் என்று மூன்று வழியாக அது நுழையும். கசகசா அந்தப் பதினான்கில் இல்லை, அது ஒவ்வாதவர்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

பில்லில் பல இடங்களில் 12.5 சதவீதம் சேர்ந்திருக்கும். 'விருப்பம்' என்று அச்சிட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் பிடித்தமில்லாமல் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம்.

லண்டனெல்லாம் நமக்கு எட்டாது. கொல்கத்தாவிலேயே இப்படி ஏதாவது? (விருதுநகர்)

எலியட் ரோட்டில் 'சுருச்சி'. 1932-இல் தொடங்கிய அகில வங்காள மகளிர் சங்கம் நடத்துவது. வாழைப்பூ, ஷுக்தோ, மீன் குழம்பு என்று மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். பிரியாணி என்றால், வாஜித் அலி ஷாவின் வம்சத்தில் வந்த மன்ஸிலத் ஃபாத்திமா கஸ்பாவில் நடத்தும் 'மன்ஸிலத்ஸ்'. முன்பே சொல்லிவிட்டுப் போவது நல்லது.

வீட்டில் நாலு பேருக்கு நன்றாகச் சமைப்பேன். மாதம் ஒரு முறை நாற்பது பேருக்குக் கட்டண விருந்து வைக்க ஆசை. (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

ஆரம்பிப்பதற்கு 28 நாள் முன்பே உங்கள் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) உணவுத் தொழிலாகப் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை.

அடுத்தது கணக்கு. நாலு பத்து நாற்பது என்று எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் குழம்பு கெடும். கறி, வெங்காயம் பத்து மடங்கு. பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஆறு அல்லது ஏழு மடங்குக்கு மேல் போகாதீர்கள், மருந்து வாடை வரும். மிளகாய் எட்டு மடங்கு. பெரிய அண்டாவில் அளவுக்கேற்ற ஆவி வெளியேறாது, அதனால் தண்ணீர் ஏழு மடங்கில் ஆரம்பித்துப் பார்த்துச் சேருங்கள். உப்பில் கால் பங்கை நிறுத்திவைத்துக் கடைசியில் போடுங்கள். ஐந்து கிலோ வெங்காயத்தை ஒரே அண்டாவில் கொட்டினால் வதங்காது, தன் நீரிலேயே வேகும். அகலச் சட்டியில் கிலோ கிலோவாக, முடிந்தால் முதல் நாளே வதக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பரிமாறும்வரை குழம்பு 63 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள். சோறு மீந்தால் அண்டாவோடு விடாமல் தட்டுகளில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், மறுநாளைக்கு மேல் வேண்டாம். முதல் விருந்துக்கு நாற்பது வேண்டாம், பன்னிரண்டு பேரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் எத்தனை பெரிய சட்டி ஒரே நேரத்தில் உட்காரும் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.