கம்பளி நூலுக்குச் செடிச் சாயம்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி: அக்கா, மஞ்சள் தூளில தோய்ச்ச நூல் ரெண்டு கிழமையில வெளிறிப் போச்சு. படிகாரம் போடாததாலயோ? (உப்புவெளி)

பதில்: நிறத்தை நூலில் பிடித்து வைக்கிற படிகாரத்தைப் போட்டாலும் வெளிறும், தங்கச்சி. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலுக்கு நிற்காது. நிலைக்கிற மஞ்சள் வேணுமெண்டால் மரக்காலையில் பலாமரத்தூள் கேளுங்கோ. பிக்குமாரின் சீவர ஆடைக்கு அந்தக் காலத்திலிருந்தே நிறம் கொடுத்த மரம் அது. 100 கிராம் நூலுக்கு 150 கிராம் தூளைத் துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவிட்டு, ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கோ. தூளைத் துணியில் கட்டாமல் போட்டால் நூலுக்குள் சிக்கி, காய்ந்த பிறகும் உதிரும்.

சாயத்தில் போட முதலே நூலுக்குப் படிகாரம் ஏற்ற வேணும். 100 கிராம் காய்ந்த நூலுக்கு 12 கிராம் படிகாரம், 6 கிராம் கிரீம் ஒஃப் டார்டர் (கேக் செய்யப் போடுகிற புளிப்புத் தூள்), 4 லீற்றர் தண்ணீர். கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கோ. படிகாரம் கூடினால் நூல் பிசுபிசுக்கும்.

கேள்வி: என்ர நூல் கட்டிபட்டுத் தடிச்சுப் போச்சு. திரும்பப் பழையபடி வருமோ? (கிண்ணியா)

பதில்: வராது, தம்பி. கம்பளி மயிரின் மேல் மீன் செதில் மாதிரிச் சின்னச் செதில்கள் இருக்கு. சூட்டில் கசக்கினாலோ, சூட்டிலிருந்து நேரே குளிர் தண்ணீரில் போட்டாலோ அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். படிகாரத்துக்கும் சரி, சாயத்துக்கும் சரி, நனைத்த நூலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இறக்கி, ஒரு மணித்தியாலத்தில் மெல்ல மெல்ல 80 பாகை வரை ஏற்றுங்கோ. கொதிக்க விடாதீங்கோ, கிண்டவும் வேண்டாம். இன்னொரு மணித்தியாலம் அந்தச் சூட்டிலேயே வைத்து, அடுப்பை நிறுத்திச் சட்டியிலேயே விடியும்வரை ஆறவிடுங்கோ. பருத்திக்குப் போடுகிற சலவைச் சோடாவைக் கம்பளிக்குப் போடவே கூடாது. காரம் மயிரை அரிக்கும்.

கேள்வி: பலா மஞ்சள் எனக்கு மட்டும் பாசிப்பச்சையா வருது. (மூதூர்)

பதில்: தண்ணீரில் இரும்பு இருக்கும். தேயிலைச் சாயத்துக்குள் உங்கட கிணத்துத் தண்ணியை விட்டுப் பாருங்கோ, கறுத்தால் அதுதான் காரணம். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கோ. துருப்பிடித்த தகரத்தால் வழிகிற தண்ணீரும் இரும்புத் தண்ணீர்தான். சட்டி எவர்சில்வராக இருக்கட்டும்.

கேள்வி: பீட்ரூட்டில சிவப்பு வராதோ, அக்கா?

பதில்: வரும், கழுவினால் போயிடும். உண்மையான சிவப்பு சாயவேர் எண்ட சின்னச் செடியின் வேரில் இருக்கு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டி எடுத்தது அந்த வேர்தான். ஆனால் வேரைக் கிண்டினால் செடி செத்துப்போகும். காட்டில் பிடுங்காதீங்கோ, வளர்த்து எடுங்கோ.

கேள்வி: மிச்சத் தண்ணியை எங்க ஊத்துறது?

பதில்: படிகாரத் தண்ணீரை உடனே ஊற்றாதீங்கோ. அரைவாசிப் படிகாரம் சேர்த்தால் அடுத்த நூலுக்கும் உதவும். பிறகு நிறையத் தண்ணீர் கலந்து, கிணற்றுக்குத் தூரமாக, ஒரே இடத்தில் இல்லாமல் மண்ணில் பரவலாக ஊற்றுங்கோ. அவிந்த மரத்தூள் குப்பைக் கிடங்குக்குப் பசளையாகும்.