பூட்டியிருந்த ஸ்டுடியோ

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்து, கட்டடக்கலைப் படிப்புக்கான ‘நாட்டா’ நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டாள். சென்னையில் பி.ஆர்க். சேர்க்கப் போகிறோம். எங்கள் குடும்பத்தில் யாரும் இந்தப் படிப்பு படித்ததில்லை. கலந்தாய்வில் இரண்டு கல்லூரிகள் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. முதலாவது என் தம்பி வீட்டுக்குப் பக்கம். அங்கிருந்தே போய்வரலாம், தம்பியும் சம்மதித்துவிட்டான். வளாகம் சுத்தமாக, அமைதியாக இருக்கிறது. நாங்கள் போனபோது மணி நாலரை, ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டார்கள், உள்ளே பார்க்க முடியவில்லை. மற்றபடி எல்லாம் திருப்தி. இரண்டாவது தூரம், ஹாஸ்டலில்தான் சேர்க்க வேண்டும். அங்கே ஆறு மணிக்கு மேலும் பிள்ளைகள் தரையில் அட்டையும் பசையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே குப்பை. கட்டுப்பாடு இல்லாத இடமாகத் தெரிந்தது. எதில் சேர்ப்பது? வேலைவாய்ப்பு எதில் நன்றாக இருக்கும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஐயா, நாலரை மணிக்கு ஸ்டுடியோ பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘மற்றபடி எல்லாம் திருப்தி’ என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆர்க்கிடெக்சர் படிப்பில், பிள்ளைகள் வரைந்தும் மாடல் செய்தும் பழகும் ஸ்டுடியோதான் கல்லூரி. நூலகம், அரங்கம், தோட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதைப் பார்க்காமல் திரும்பிய நீங்கள் என்ன பார்த்துத் திருப்தி அடைந்தீர்கள்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்துப்போனதே அந்தப் பூட்டுதான். நாலரைக்குக் கல்லூரி முடிந்தால் ஐந்தரைக்குள் பெண் தம்பி வீட்டில் இருப்பாள். கடிதம் முழுக்க இந்தக் கணக்குதான் ஓடுகிறது. சேர்க்கை நேரம் வந்தால் இதே கணக்கோடு எனக்குக் கடிதங்கள் வரும், எல்லாமே பெண் பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து. பையனைப் பெற்ற ஒருவர்கூட இதுவரை இப்படிக் கேட்டதில்லை.

ஸ்டுடியோவில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஒரு சின்ன வீட்டுக்கு 1:100 அளவில் மாடல் செய்யச் சொல்வார்கள். மூன்று மீட்டர் உயரச் சுவர் அதில் மூன்று சென்டிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவரின் கனம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மவுண்ட் போர்டு என்ற கெட்டி அட்டையின் மேல் ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கத்தியை மெதுவாக இரண்டு மூன்று முறை ஓட்டி வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் பிசிறடிக்கும், மூலை சேராது. பசை பிடிக்கும்வரை சுவரை விரலால் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் ஒட்டி முடித்தபிறகு ஆசிரியர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “இந்த மாடிப்படியில் ஏறினால் தலை இடிக்குமே” என்பார். பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அந்தப் பிள்ளைகளைச் சுற்றிக் கிடந்த குப்பை அதுதான்.

முதலாம் ஆண்டில் சேரும் பெண் பாதியை ஆசிரியரிடம் கற்பாள், மீதியைப் பக்கத்து மேஜையில் கற்பாள். மூன்றாம் ஆண்டு அக்கா வரைபட ஷீட்டில் எப்படி இடம் பிரிக்கிறாள், ஜூரிக்கு, அதாவது பிள்ளைகள் செய்ததைக் கேள்வி கேட்டு மதிப்பிடும் அமர்வுக்கு வந்த ஆர்க்கிடெக்ட் மடக்கிக் கேட்டால் எப்படித் தடுமாறாமல் பதில் சொல்கிறாள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும். அதெல்லாம் வகுப்பு முடிந்தபிறகு நடப்பது. பிள்ளைகள் தினமும் ராத்திரி தூங்காமல் கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பெருமை பேசும் கல்லூரியும் எனக்குப் பிடிக்காது. ஆனால் வேலை முடியாத பிள்ளை உட்கார்ந்து முடிக்க ஒரு திறந்த கதவு வேண்டும்.

பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பெற்றவர் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கவலையை எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரியைக் கேள்வி கேளுங்கள். ஸ்டுடியோ எத்தனை மணிவரை திறந்திருக்கும்? சாவி யாரிடம்? மாலையில் ஆசிரியர் யாராவது இருப்பாரா? எட்டு மணிக்கு வேலை முடிந்தால் பெண்கள் ஹாஸ்டலுக்கு எப்படிப் போகிறார்கள், வார்டனுக்குத் தகவல் போகுமா? இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் வந்தால் இரண்டாவது கல்லூரியையும் விட்டுவிடுங்கள். பிள்ளை பத்திரமாக உழைக்க வழி செய்து கொடுப்பது தகப்பன் கடமை. உழைக்கவே வேண்டாத இடமாகப் பார்த்துச் சேர்ப்பது அவள் படிப்பைக் கெடுப்பது.

தம்பி சம்மதித்துவிட்டான் என்கிறீர்கள். சரி, தம்பி மனைவி? இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து வருடம், பத்து செமஸ்டர். ஏ1 ஷீட் ஒன்றை விரித்தால் 84 சென்டிமீட்டர் நீளம், 59 சென்டிமீட்டர் அகலம். பாதி முடிந்த மாடலை ராத்திரி யாரும் தொடாத இடத்தில் வைக்க வேண்டும். ஜூரிக்கு முந்தைய நாள் விளக்கு அணையாது. இதையெல்லாம் அன்றாடம் தாங்கப்போவது அவர். அவரைக் கேட்காமல் முடிவு செய்தது தப்பு. உறவு பெரிய பலம் என்று நம்புகிறவள் நான். காய்ச்சல் என்றால் ஓடிவர, ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கிடக்க, புது ஊரில் ஒரு சித்தப்பா வீடு இருப்பது கொடுத்துவைத்த விஷயம். அதை ஐந்து வருடத் தங்கும் விடுதியாக்கினால் இரண்டாம் வருடமே முகம் சுளிப்பு தொடங்கிவிடும். அப்புறம் அண்ணன் தம்பி பேச்சும் குறைந்துவிடும்.

வேலைவாய்ப்பு கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் அலுவலகங்கள் முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது ஐந்து வருடம் அவள் வரைந்ததையும் செய்ததையும். படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போவாள், பலருக்கு வேலை அந்த வழியாகவே வருகிறது. தொடக்கச் சம்பளம் குறைவுதான், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். அங்கீகாரம் முக்கியம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய முடியும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். எந்தக் கல்லூரிக்கு, எத்தனை இடத்துக்கு அனுமதி என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கிறது. இரண்டு பெயரையும் அதில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் விசாரியுங்கள். போன வருடம் பிள்ளைகளை எந்தக் கட்டடத்தை அளந்து வரையக் கூட்டிப்போனார்கள்? மயிலாப்பூர் மாடவீதிப் பழைய வீடுகள், சேப்பாக்கத்தில் ஆர்க்கிடெக்ட் சிஷோம் கட்டிய பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் வடிவமைத்த முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் என்று சென்னையில் படிக்கக் கிடைப்பது ஏராளம். டேப்பைப் பிடித்து அளந்து, வெயிலில் நின்று வரைந்துதான் கண் திறக்கும். கூட்டிப்போகாத கல்லூரி என்றால், அது சென்னையில் இருந்து என்ன பயன்?

கடைசியாக, மகள் என்ன நினைக்கிறாள் என்பது இந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அவளுக்கும் கடமை உண்டு. எவ்வளவு செலவாகும், எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும், ஒரு ஜூரியில் தோற்றால் வீட்டில் மறைக்காமல் சொல்வாளா என்று அவள் வாயாலேயே உங்களுக்குச் சொல்லட்டும். அடுத்த வாரம் ஒரு வேலை நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு, மாலை ஆறரைக்கு இரண்டு கல்லூரிக்கும் மறுபடி போங்கள். இந்தத் தடவை நீங்கள் பேச வேண்டாம். ஸ்டுடியோவில் இருக்கும் பிள்ளைகளிடம் அவள் உட்கார்ந்து பேசட்டும், நீங்கள் வெளியே காத்திருங்கள். கலந்தாய்வில் முதல் விருப்பமாக எதைப் போடுவது என்று அதற்கப்புறம் அவளிடம் கேளுங்கள்.