‘பாதிப்பு இல்லை’ என்ற எக்ஸோம் அறிக்கையை நம்பிக் குழந்தை பெறலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 45 வயதுக்கு மேல் கைகால்கள் தாமாகவே துள்ள ஆரம்பித்தன. பிறகு நிதானமும் நினைவும் குறைந்து இறந்துபோனார். இப்போது அண்ணனுக்கும் அதே தொல்லை தொடங்கியிருக்கிறது. எனக்கு 31 வயது. குழந்தை பெற விரும்புகிறோம். முகவர் ஒருவர் மூலம் எக்ஸோம் பரிசோதனை (டிஎன்ஏவில் புரதம் உருவாக்கும் பகுதிகளை வாசிப்பது) செய்துகொண்டேன். ‘நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. உங்களுக்குப் பரம்பரை நோயே கிடையாது என்கிறார் முகவர். நம்பலாமா? நம் டிஎன்ஏவில் பாதி, திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள்தான் என்றும் படித்தேன். எல்லோரிடமும் இருப்பது எப்படி நோயாகும்?

பதில்: நம்ப வேண்டாம். அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை; உங்கள் குடும்பத்தில் தேட வேண்டியதை அது தேடவே இல்லை.

நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளைக் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹன்டிங்டன் நோயை. 4ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ‘சிஏஜி’ என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும். 26 முறை வரை வந்தால் இயல்பு. 40 அல்லது அதற்கு மேல் போனால், ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை உள்ளவர்களில் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. 1993இலேயே இது தெரிந்துவிட்டது. ஆக, எத்தனை முறை என்பதுதான் இங்கே கேள்வி.

எக்ஸோம் பரிசோதனை டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக, பெரும்பாலும் 150 எழுத்துகளுக்கு மிகாமல் வாசித்து, கணினியில் ஒட்டிப் பார்க்கிறது. 50 சிஏஜி என்றாலே 150 எழுத்துகள். அந்தத் துண்டில் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. இம்போசிஷன் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த வரி மொத்தம் எத்தனை முறை எழுதப்பட்டிருந்தது என்று துண்டுகளை வைத்துச் சொல்ல முடியுமா? மனித மரபணுத் தொகையை வாசித்து முடித்துவிட்டதாக 2003இல் அறிவித்தார்கள். அப்போதும் சுமார் 8 சதவீதம் வாசிக்கப்படாமலே கிடந்தது. அதில் பெரும்பகுதி இப்படித் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர்கள், அதாவது மீள்வரிசைகள்தான். நீண்ட துண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் வந்த பிறகு, 2022இல்தான் அந்த இடைவெளி நிரம்பியது.

‘மீள்வரிசை நீட்சிகளை இப்பரிசோதனை கண்டறியாது’ என்ற வரி உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். முதல் பக்கத்தில் வர வேண்டிய வரி அது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே நோய் என்பதைக் கேட்டு எழுத விண்ணப்பத்தில் இரண்டு வரி இடம் விட்டிருந்தால், ஆய்வகமே தவறான பரிசோதனை என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். மாதிரியை வாங்கிக் கொடுத்துக் கமிஷன் பெறுபவர் அறிக்கைக்குப் பொருள் சொல்லக் கூடாது. ‘முழு மரபணுவும் பார்த்தாயிற்று’ என்று யார் சொன்னாலும், ‘சிஏஜி எண்ணிக்கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். எண்ணைக் காட்ட முடியாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். அடுத்து, ‘மீள்வரிசையைச் சுருக்கும்’ மாத்திரை என்று ஒன்றை நீட்டுவார்கள். அப்படி ஒரு சத்து மாத்திரை கிடையாது.

உங்கள் இரண்டாவது சந்தேகம் நியாயமானது. நம் டிஎன்ஏவில் பாதி மீள்வரிசை என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி, தன்னையே நகலெடுத்து இடம் மாறி அமர்ந்த பழைய துண்டுகள். ஆலு என்ற சுமார் 300 எழுத்துத் துண்டு மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அது குரங்கினத்துக்கும் நமக்கும் மட்டுமே உரியது.   இந்தப் பழைய துண்டுகள் அநேகமாக அசையாமல் கிடப்பவை. சிஏஜி வரிசை வேறு ரகம். செல் நகலெடுக்கும்போது ஒரே மாதிரி எழுத்துகளில் வழுக்கி, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ செய்யும். நீளம் கூடக் கூட வழுக்கலும் கூடும். ஹன்டிங்டனில் தந்தை வழியாக இறங்கும்போது இது அதிகம். நோய் பெரும்பாலும் பிள்ளைகள் பிறந்த பிறகே தலைகாட்டுவதால் இயற்கைத் தேர்வும் இதை எளிதில் களைவதில்லை.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் அண்ணனுக்குச் சோதிக்க வேண்டும், உங்களுக்கு அல்ல. எக்ஸோம் வேண்டாம், ‘ஹன்டிங்டன் மரபணு சிஏஜி எண்ணிக்கை, பிசிஆர் முறை’ என்று நரம்பியல் மருத்துவர் எழுதித் தரட்டும். பிசிஆர் என்பது டிஎன்ஏவில் வேண்டிய துண்டை மட்டும் பெருக்கிப் பார்ப்பது. அண்ணனுக்கு இயல்பான எண்ணிக்கை வந்தால், இதே வகையைச் சேர்ந்த சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களைத் தேட வேண்டும்.

அண்ணனின் பிசிஆர் அறிக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு எண்கள் வர வேண்டும்: 17, 44 என்பதுபோல. சில சமயம் 17 என்று ஒரே எண் வரும். பெற்றோர் இருவருமே 17ஐத் தந்திருக்கலாம், அது இயல்பு. அல்லது ஒன்று மிக நீண்டிருந்ததால் பிசிஆர் அதைப் பெருக்க முடியாமல் விட்டிருக்கலாம், அது நோய். தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஹன்டிங்டனில் இது அபூர்வம். சில நூறு, சில ஆயிரம் முறை நீளும் மற்ற மீள்வரிசை நோய்களில் சாதாரணம். எப்படியானாலும், ஒரே எண் வந்தால், நீண்ட வரிசையையும் பிடிக்கும் ‘டிரிப்லெட் பிரைம்ட் பிசிஆர்’ செய்தீர்களா என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். செய்யவில்லையென்றால் அறிக்கையை முடிந்ததாக ஏற்காதீர்கள்.

அண்ணனுக்கு உறுதியானால் உங்களுக்கு அது இருக்கும் வாய்ப்பு சரிபாதி. மரபியல் ஆலோசகரைப் பார்த்த பிறகே ரத்தம் கொடுங்கள். அண்ணனுக்குச் சிறு பிள்ளைகள் இருந்தால், அறிகுறி இல்லாத அவர்களை இப்போது சோதிக்க வேண்டாம். 18 வயதான பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும். உங்கள் எண்ணை அறிய விருப்பமில்லை என்றாலும், அதை உங்களுக்குச் சொல்லாமலே நோயற்ற கருவைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் இருக்கின்றன. முதல் சந்திப்பிலேயே அதைக் கேளுங்கள். கருத்தரித்த பிறகு கேட்டால் தேர்வுகள் குறைந்துவிடும்.