ராக்கெட் ஏவ உரிமம் இருந்தும், ரேடியோவுக்கு ஏன் தனி அனுமதி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.விடம் ராக்கெட் ஏவுதல் உரிமம் வாங்கிவிட்ட பிறகும், தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. வாசலில் ஏன் போய் நிற்கிறது?

ராக்கெட் யார் தலையிலும் விழாமல் போய்ச் சேருமா என்பதுதான் எஃப்.ஏ.ஏ.வின் கவலை. கிளம்பிய நொடியிலிருந்து அழுத்தம், வெப்பம், திசை என்று ராக்கெட் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும் தகவல் (டெலிமெட்ரி) எந்த அலைக்கற்றையில் வருகிறது என்பது எஃப்.சி.சி.யின் விஷயம்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தகவல் வழக்கமாக வரும் 2200–2290 மெகாஹெர்ட்ஸ் பட்டை அரசாங்கத்துக்கானது. ராக்கெட் விட்டதெல்லாம் நாசாவும் ராணுவமும்தான் என்ற காலத்து ஏற்பாடு. அதைக் கவனிப்பதும் எஃப்.சி.சி. அல்ல, என்.டி.ஐ.ஏ. என்ற வேறொரு அமைப்பு. தனியார் ஏவுதலுக்கு 1984இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் எந்தப் பட்டை யாருக்கு என்று சொல்லும் அலைக்கற்றை அட்டவணையில் அவர்களுக்கென்று வெகுகாலம் ஓர் இடம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு ஏவுதலுக்கும் சிறப்புத் தற்காலிக அனுமதி, அதுவும் சோதனை முயற்சிகளுக்கான விதியின் கீழ். 2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் இரண்டு நாசா வீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதும் இதே கதைதான்.

ராக்கெட் பைத்தியங்களுக்கு இந்த விண்ணப்பங்கள் பழக்கமானவை. நானும் உட்கார்ந்து படிப்பேன். ஏவும் இடம், அதிர்வெண், எத்தனை வாட், பூஸ்டர் (ராக்கெட்டின் திரும்பி வரும் கீழ்ப்பகுதி) இறங்கும் கப்பல் கடலில் எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் நிற்கப்போகிறது, எல்லாம் இருக்கும். நிறுவனம் வாய் திறப்பதற்கு முன்பே அடுத்த ஏவுதலை மோப்பம் பிடிக்க இதுதான் வழி. ஆண்டுக்கு நாலைந்து ஏவுதல் என்றால் இப்படிக் காகிதம் போட்டு ஓட்டலாம், ஆனால் 2023இல் ஃபால்கன் ராக்கெட்டுகள் மட்டும் 96 முறை கிளம்பின.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2013இல் எஃப்.சி.சி. பேச்சை ஆரம்பித்து, 2021இல் 2200–2290 பட்டையில் தனியாருக்கு இரண்டாம் நிலை இடம் கொடுத்தது. 2023இல் முறையான உரிம விதிகள் வந்தன, ராக்கெட்டுக்குக் கட்டளை அனுப்ப 2025–2110 பட்டையும் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் கையெழுத்தாகி, விமானச் சோதனைக்காரர்கள் புழங்கும் 2360–2395 பட்டையையும் திறந்துவிடச் சொன்னது.

அலைக்கற்றை என்றதும் நமக்கு ஏலம்தான் ஞாபகம் வரும். இங்கே ஏலமும் இல்லை, யாருக்கும் தனி உரிமையும் இல்லை. இரண்டாம் நிலை என்றால், முதல் நிலையில் இருப்பவருக்கு நீங்கள் இடைஞ்சல் செய்யக்கூடாது, அவரால் உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்லவும் முடியாது. நிறுவனங்களுக்குக் கசக்கும்தான், ஆனால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஏவுதல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, அதற்காக ஒரு பட்டையை வருடம் முழுக்கப் பூட்டி வைப்பது வீண். அதனால் கையில் உரிமம் இருந்தாலும், எந்த நாள், எந்த நேரம், எந்த அதிர்வெண் என்று ஏவுதலுக்கு ஏவுதல் மற்றவர்களோடு பேசி ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். பழைய தலைவலியில் தேவையில்லாத பாதி போயிருக்கிறது, மீதிப் பாதி இருந்தே தீரும்.

அப்புறம் ஒரு சுயநலக் கவலை: எல்லோரும் நிரந்தர உரிமத்துக்கு மாறிவிட்டால், நான் மோப்பம் பிடிக்கும் அந்த விண்ணப்பங்கள் குறைந்துபோகுமே.